இருட்டுக்கு முன்னே ஆயத்தம்



கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இந்த மாதம் ஒரு பெட்டியைக் குறித்து உங்களோடு பேசும்படி ஏவப்பட்டேன். உடன்படிக்கைப் பெட்டி அல்ல. நம்ம வீட்டுக் கூடத்து மூலையிலே தூசி படிந்து உட்கார்ந்திருக்கிற இன்வெர்ட்டர் பெட்டியைத்தான் சொல்லுகிறேன். "என்ன பாஸ்டர், இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு பிரசங்கமா?" என்று கேட்பீர்கள். ஆம், அதைப் பற்றித்தான். மத்தேயு 25-ம் அதிகாரத்திலே ஆண்டவர் விளக்கையும் எண்ணெயையும் எடுத்துத்தானே பேசினார்! அந்நாளில் வீட்டுக்கு வீடு இருந்த சாமான் அது. இந்நாளில் நம்ம வீட்டில் இருப்பது இது.

இந்தப் பெட்டி நம்ம பக்கத்தில் பெருகின காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2008-ல் தொடங்கின மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே அநேக ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் இல்லை. நம்ம கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26-ல்தான் தனி மாவட்டமாயிற்று. அந்த மின்வெட்டுக் காலம் கடந்துபோனது. ஆனால் காற்றும் மழையும் கடந்துபோகவில்லையே! ஆகவே மூன்று காரியங்களைத் தியானிப்போம்.

1. வெளிச்சத்திலே சேர்க்க வேண்டும்

இன்வெர்ட்டருக்குச் சொந்தமாய் ஒரு வெளிச்சமும் கிடையாது. கரண்ட் இருக்கிற நேரத்தில் அது லைனிலிருந்து வாங்கி, பேட்டரியில் சேர்த்து வைக்கிறது. கரண்ட் போனதும், பேட்டரியிலுள்ள 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றித் தருகிறது. அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். சேர்த்தது இருந்தால்தான் மாற்ற முடியும். வெறுமையான பேட்டரியை வைத்துக்கொண்டு எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியாலும் ஒரு பல்பை எரிய வைக்க முடியாது.

அந்தப் பேட்டரிக்கும் பராமரிப்பு வேண்டும். நம்ம வீடுகளில் அதிகமாய் இருப்பது தண்ணீர் ஊற்றுகிற வகை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் மிதவைக் குறியைப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு பேட்டரியைக் கெடுத்துவிடும். ஆசிட் ஊற்றவும் கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. தண்ணீர் குறைந்து உள்ளிருக்கிற தகடுகள் வெளியே தெரிந்தால், அந்தப் பகுதி காய்ந்து செத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது! பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இருட்டு வந்த அன்றைக்குத்தான் சங்கதி வெளிப்படும்.

பிரியமானவர்களே, பத்துக் கன்னிகைகளும் பார்வைக்கு ஒரேமாதிரிதான் இருந்தார்கள். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் தூங்கினார்கள். வித்தியாசம் நடுராத்திரியில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலே நாம் எல்லாரும் பச்சை விளக்குதான். உள்ளே ஜெபம் வற்றிப்போய் எத்தனை மாதமாயிற்று? அதை யார் பார்த்தார்கள்?

2. எதை மாட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், பெருக்கினால் 1800 வாட்-மணி. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். பேட்டரியைச் சுத்தமாய்க் காலி பண்ணவும் கூடாது. கைக்கு வருவது ஏறக்குறைய 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட், எல்.இ.டி. பல்பு ஒன்று 9 வாட். மூன்று ஃபேன், ஐந்து பல்பு போட்டால் 270 வாட். நாலு மணி நேரத்துக்குள்ளே தீர்ந்துபோகும். ஒரே பல்பு மாத்திரம் என்றால் நாலு ராத்திரி முழுக்க எரியும்! அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் பெரும்பாலும் 1000 வாட்டுக்குக் குறையாது. அதை மாட்டினால் பெட்டி 'பீப் பீப்' என்று கத்திவிட்டு நின்றுபோகும்.

2024 நவம்பர் 30 அன்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அறிவீர்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. அப்பொழுது எனக்குத் தெரிந்த ஒரு விசுவாச சகோதரியின் வீட்டிலே, வீசிங் உள்ள பேரப்பிள்ளை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நெபுலைசரில் வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். கரண்ட் போனவுடனே அந்தம்மா என்ன செய்தார்கள்? எழும்பிப்போய் டிவி, ஃபேன், எல்லா ஸ்விட்சையும் அணைத்தார்கள். "செய்தி பார்க்கணும்மா" என்று மகன் கேட்டதற்கு, "செய்தி நாளைக்கும் வரும்டா, பிள்ளைக்கு மூச்சு இப்ப வேணும்" என்றார்களாம்! ஒரு பல்பு, ஒரு நெபுலைசர். மறுநாள் ராத்திரி மட்டும் அது ஓடினது. பிள்ளை பிழைத்தது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

பக்கத்து வீட்டில் இதைவிடப் பெரிய பேட்டரி. ஆனாலும் டிவியும் ஃபேனும் ஓடி, பத்து மணிக்கெல்லாம் இருட்டு. அந்த வீட்டுப் பாட்டியம்மாவை இந்தச் சகோதரி தன் வீட்டுக்கு அழைத்து வந்து, அந்த ஒரே பல்பின் கீழே படுக்க வைத்தார்கள்.

கவனியுங்கள் தேவ ஜனமே! கன்னிகைகளின் உவமையிலே எண்ணெயைப் பங்கிட முடியவில்லை. உன் பேட்டரியில் உள்ளதைப் பாத்திரத்தில் மொண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது. உன் விசுவாசத்தையும் உன் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ஆனால் எண்ணெயைப் பங்கிட முடியாவிட்டாலும் வெளிச்சத்தைப் பங்கிடலாம்! கதவைத் திறந்தால் போதும். உபத்திரவ காலத்திலே வேண்டாத பாரத்தையெல்லாம் கழற்றிப்போட்டவன்தான், அடுத்தவனுக்கும் வெளிச்சம் வைத்திருப்பான்.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். என் வீட்டு வெளிச்சம் இன்னொருவன் உயிரை வாங்கக்கூடாது. சிலர் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வீட்டு பிளக்கிலேயே சொருகிவிடுகிறார்கள். மெயினைப் பிரிக்காமல் அப்படிச் செய்தால், அந்தக் கரண்ட் வெளிக்கம்பிக்குத் திரும்பிப்போய், டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாய் ஏறும். கம்பம்மேல் மழையில் வேலை செய்கிற லைன்மேனுக்கும் மனைவி பிள்ளைகள் உண்டே! இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ, தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். பேட்டரியை அடுப்பங்கரையில் வைக்காதிருங்கள்; சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு அதிலிருந்து வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

3. மூலத்தோடு தொடர்பு வேண்டும்

ஊழியத்தினிமித்தம் நான் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலையிலே வெள்ளிமலைப் பக்கம் போகிறதுண்டு. 1976-ல்தான் ஜாகீர்தார்கள் ஆளுகை ஒழிந்து அரசாங்கத்தின் கைக்கு வந்த மலை அது. மரவள்ளியும் சாமையும் விளைவிக்கிற மலையாளி ஜனங்கள் அங்கே வாசம்பண்ணுகிறார்கள். காட்டு வழியாய்ப் போகிற கம்பிமேல் ஒரு மரம் சாய்ந்தால், அதைச் சரிசெய்யச் சில வேளை நாட்கணக்காகும். அப்போது இன்வெர்ட்டரும் கை கொடுக்காது. முதல் ராத்திரி எரியும், இரண்டாம் ராத்திரி மங்கும், மூன்றாம் ராத்திரி அணையும். வாங்குவதற்கு லைன் இல்லையே!

ஆனால் கூரைமேல் ஒரு சின்ன சோலார் பலகையும், அதற்கொரு பேட்டரியும் உள்ள வீட்டைப் பாருங்கள். 2011-ல் தமிழக அரசு தொடங்கின பசுமை வீடு திட்டத்திலே 300 சதுர அடி வீட்டோடு சூரிய சக்தியில் எரிகிற 5 விளக்கும் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டிலே பலகையும் பேட்டரியும் நன்றாயிருந்தால், மேகம் விலகின மறுநாளே பேட்டரி ஏறும். நேற்றைய வெயில் இன்றைக்கு உதவாது. தினந்தினம் வாங்க வேண்டும். வனாந்தரத்திலே மன்னாவும் அப்படித்தானே பொழிந்தது!

இன்னொரு அதிசயத்தையும் சொல்லுகிறேன். 2024-ல் மத்திய அரசு பி.எம். சூர்யகர் திட்டத்தைத் தொடங்கி, கூரை சோலாருக்கு மானியம் கொடுக்கிறது. நல்ல காரியம், கரண்ட் பில் குறையும். ஆனால் பேட்டரி இல்லாமல் லைனோடு மாத்திரம் இணைத்த வகையாயிருந்தால், கரண்ட் போன நிமிஷமே அதுவும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உச்சி வெயில் அடிக்கும், பலகை மினுமினுக்கும், வீட்டில் ஃபேன் சுற்றாது! சபையிலே எல்லாரும் துதிக்கும்போது துதித்து, தனியே விடப்பட்டால் அணைந்துபோகிற ஜீவியம் இப்படித்தான். மேலேயிருந்து வருவதை உள்ளே சேர்க்க உனக்கென்று ஓர் இடம் உண்டா?

ஆகவே பிரியமானவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே நாலு காரியம் செய்யுங்கள். பேட்டரித் தண்ணீரைப் பாருங்கள். மெயினை இறக்கி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இருட்டில் எந்தெந்த ஸ்விட்சை அணைப்பது என்று வீட்டாரோடு பேசி வையுங்கள். உங்கள் தெருவில் நோயாளியோ, கைக்குழந்தையோ, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ உண்டா என்று விசாரித்து, "கரண்ட் போனா நம்ம வீட்டுக்கு வாங்க" என்று இப்பொழுதே சொல்லி வையுங்கள். அன்றைக்கு ராத்திரியே முழங்காலில் நின்று, உங்கள் ஆத்துமாவிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதென்று பாருங்கள்.

மணவாளன் வருகை சமீபம். அணையாத விளக்குள்ள வீடாகக் கர்த்தர் உங்கள் வீட்டைக் காத்துக்கொள்வாராக. ஆமென்! அல்லேலூயா!