இடக்கைப் பிள்ளை செய்த குற்றமென்ன?



மாலையில் விளக்கேற்றியபின் உங்கள் பிள்ளை நோட்டை விரித்து எழுத உட்காருகிறது. பென்சிலை இடக்கையில் பிடிக்கிறது. நீங்கள் அதைப் பிடுங்கி வலக்கையில் கொடுக்கிறீர்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பென்சில் மறுபடியும் இடக்கையில்! "எத்தனை தடவை சொல்வது?" என்று கையை ஓங்குகிறீர்கள். ஓங்கிய கையைச் சற்றே நிறுத்திக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பிள்ளை செய்த குற்றமென்ன?

குற்றம் என்பது தவறென்று தெரிந்தும் மனமொப்பிச் செய்வது. இடக்கைப் பழக்கம் அப்படிப்பட்டதா? நூறு பேரில் ஏறக்குறைய 10 பேர் இடக்கைக்காரர்கள். தாய் வயிற்றிலிருக்கும் சிசுவே ஒரு கையை மற்றதைவிட மிகுதியாக அசைப்பதை ஸ்கேன் கருவியில் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பிள்ளை தானாகத் தேர்ந்துகொள்ளாத ஒன்றுக்காக அதைத் தண்டிப்பது நீதியாகுமா? நாமோ இடக்கையைக் கண்டவுடன் பிள்ளை இடக்குப் பண்ணுகிறது என்று எண்ணிவிடுகிறோம்.

"வேதத்திலேயே இடப்பக்கம் கெட்டவர்களுக்குத்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தை நன்றாகப் படித்துப் பாருங்கள். அவர்கள் எந்தக் கையால் கொடுத்தார்கள் என்று அங்கே விசாரணையில்லை. பசித்தவனுக்குக் கொடுக்கவேயில்லை என்பதுதான் அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம். நியாயாதிபதிகள் ஆகமத்தில் இஸ்ராயேலரை மீட்க எழும்பிய ஏகூத் இடக்கைக்காரன். அவனுடைய கோத்திரமாகிய பெஞ்சமின் கோத்திரத்தில், மயிரிழையும் தப்பாமல் கவண் எறியும் இடக்கை வீரர் 700 பேர் இருந்ததாக அதே ஆகமம் கூறுகிறது. பெஞ்சமின் என்ற பெயருக்கு வலக்கையின் மகன் என்பது பொருள் என்றால் வியப்பாயில்லையா?

பாட்டிமார் வேறொன்று சொல்வார்கள்: "என்னையும் அடித்துத்தான் மாற்றினார்கள். நான் கெட்டா போய்விட்டேன்?" இல்லை பாட்டி, நீங்கள் கெட்டுப்போகவில்லை. ஆனால் அடிபட்டதனால் நன்றாயிருந்தீர்களா, அடிபட்டும் நன்றாயிருந்தீர்களா என்பதை யாரால் சொல்லமுடியும்?

மேலே சொன்ன ஐந்து நிமிஷத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும்போது வலக்கை, பாராதபோது இடக்கை. பிள்ளை அங்கே என்ன கற்றுக்கொண்டது? அழகான எழுத்தையா? அன்று. தன்னிடமுள்ளதை மறைக்கக் கற்றுக்கொண்டது. பயந்த பிள்ளை பொய்யின் முதற்பாடத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறது. எழுத்துக் கோணலானால் திருத்திவிடலாம். தாய் தகப்பனிடம் ஒளிக்கப் பழகிய மனதைத் திருத்துவது எளிதா?

அப்படியானால் ஊர் வழக்கத்தை விட்டுவிடலாமா என்பீர்கள். வேண்டாம். பந்தியில் சோற்றுக்கையால் உண்பதும், பெரியவர்களுக்கு வலக்கையால் கொடுப்பதும், சிலுவை அடையாளம் வரைவதும் பிறரோடு கூடிவாழும் மரியாதைகள். பொறுமையாய்ச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலான இடக்கைப் பிள்ளைகள் அவற்றைப் பழகிக்கொள்வார்கள். ஆனால் எழுத்து அப்படியல்ல. விரலின் நுட்பமான வேலை அது. நாளெல்லாம், வருஷக்கணக்கில் செய்யவேண்டியது. அதற்கு எந்தக் கை வாய்த்ததோ அந்தக் கையை விட்டுவிடுவதே நியாயம். மரியாதையைக் கற்பிப்பது வேறு, சுபாவத்தை ஒடிப்பது வேறு.

நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். பல வீடுகளில் பிள்ளையின் நன்மைக்காக மட்டுமா நாம் அடிக்கிறோம்? "உன் பிள்ளை பீச்சாங்கையா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டுவிடுவார்களே என்ற வெட்கமும் அந்தப் பிரம்பில் ஒளிந்திருக்கிறது. நம்முடைய வெட்கத்திற்காகக் குழந்தை அடிபடலாமா?

இதனால் இடக்கைப் பிள்ளை கிறுக்கலாக எழுதினாலும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். இரக்கம் என்பது உழைப்பிலிருந்து விடுதலை கொடுப்பதன்று. உழைக்க வழி செய்து கொடுப்பது. தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வலக்கை எழுதியதை விட்டு விலகிச் செல்லும். இடக்கையோ எழுதியதன்மேலேயே ஊர்ந்து செல்லும். ஆகவே மை கலைகிறது, எழுதிய எழுத்தும் மறைகிறது. அதைப் பார்ப்பதற்காகப் பிள்ளை மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைக்கிறது, கையும் வலிக்கிறது. சோம்பல் என்று நாம் திட்டுவது பலவேளை இந்த வலியைத்தான்.

இதற்குச் செலவில்லாத பரிகாரங்கள் உண்டு. நோட்டை உடம்புக்கு நேரே வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். அதன் வலது கீழ்மூலை பிள்ளையின் வயிற்றை நோக்கும்படி சாய்த்து வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து ஓரங்குலத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியும். கை, எழுதும் வரிக்குக் கீழே இருக்கட்டும். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். பார்த்தெழுதும் மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில் இருந்தால் கை அதை மறைத்துவிடும். வலது ஓரத்திலும் ஒருமுறை எழுதிக் கொடுங்கள். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கும்படி ஆசிரியரைக் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது. பிறகு தினமும் பத்து நிமிஷம், நான்கே வரி, நிதானமாக எழுதட்டும். நன்றாக வந்த ஓர் எழுத்தை வட்டமிட்டுக் காட்டி மெச்சுங்கள்.

இன்றிரவு பிள்ளை நோட்டை விரிக்கும்போது பென்சிலைப் பிடுங்காதீர்கள். நோட்டைச் சற்றே சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் காலடிச் சத்தம் கேட்டவுடன் கை மாற்றிக்கொள்ளாத பிள்ளையாக அது வளரட்டும். அதைவிட அழகான கையெழுத்து வேறென்ன வேண்டும்?