சொல்லியாயிற்று, கடமை முடிந்ததா?

“சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், புரிந்துகொள்வது அவர்கள் பாடு.” கல்லூரி ஆசிரியர் அறைகளில் இவ்வாறு பேசக் கேட்டிருக்கிறோம், நம்மில் ஆசிரியப் பணி புரிவோர் சிலர் சொல்லியும் இருப்போம். மேலோட்டமாக நோக்கின் இதில் பிழையேதும் இல்லை. பாடத்திட்டம் முடிந்தது, மணி அடித்தது, ஊதியத்திற்குரிய உழைப்பும் தரப்பட்டது. ஆயினும் ஒரு வினா நம்மை விட்டபாடில்லை. எவரும் கற்காத இடத்தில் கற்பித்தல் நிகழ்ந்தது என்று கூற நமக்கு உரிமை உண்டா? விதைத்தாயிற்று என்று உழவன் வீட்டில் அமர்ந்துவிடுவதில்லை. முளைத்ததா என்று வயலுக்குச் சென்று பார்க்கிறான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. அவர் தெளிவாக விரிவுரை ஆற்றினார். மாணவர்கள் அவரை மெச்சினர். கடினமான கணக்குகளையும் தேர்வில் செய்து முடித்தனர். அந்நிலையில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹல்லூன், ஹெஸ்டனஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு அவர் கண்ணில் பட்டது. இயற்பியல் பயின்ற பின்னும், விசையைப் பற்றி மாணவர் கொண்டிருந்த பழைய எண்ணங்கள் பெரிதும் மாறுவதில்லை என்றது அது. தம் மாணவர் அப்படியல்லர் என்று நம்பிய மஸூர், 1990இல் அத்தகைய எளிய வினாக்களை அவர்களுக்குக் கொடுத்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்தும்? இரண்டும் சமமே என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே அதைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக எண்ணுகிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டார்.

அவ்வினாவே ஒரு தீர்ப்பு அன்றோ! ஆசிரியரின் சொல் ஏட்டில் இருந்தது, உள்ளத்தில் இறங்கவில்லை. மாணவரைக் குறை கூறுதல் எளிது. தம் முறையையே ஐயுறுதல் அரிது. பாராட்டுப் பெற்றுவரும் ஒருவருக்கோ மிக அரிது. மஸூர் அரியதையே தேர்ந்தார். கல்விச் சிக்கல் அறச் சிக்கலாக மாறும் இடம் இதுவே.

ஒருநாள் அவ்வினாக்களுள் ஒன்றை இருமுறை விளக்கியும் மாணவர் முகங்களில் தெளிவு பிறக்கவில்லை. வேறு வழியின்றி, அருகிலிருப்போருடன் பேசிப் பார்க்கச் சொன்னார். கூடம் இரைச்சலில் மூழ்கியது. சில மணித்துளிகளில் பலர் விடையைக் கண்டுகொண்டனர். நெடுங்காலத்துக்கு முன் புரிந்துகொண்டவருக்குத் தாம் இடறிய கல் மறந்துபோகும். இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு அது நன்றாக நினைவிருக்கும். இந்நிகழ்ச்சியே ஒரு முறையாக வளர்ந்தது. ஆசிரியர் ஒரு வினா தொடுப்பார், ஒவ்வொருவரும் தனித்து எண்ணி விடையளிப்பர், பின் அண்டையிலிருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் கூறி வாதிடுவர், மீண்டும் விடையளிப்பர், இறுதியில் ஆசிரியர் விளக்குவார்.

தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்பதால் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு கால் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்று 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் கணக்கிட்டுள்ளது.

இக்கால ஆய்வுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. அறிவியல், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நிகழ்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃபிரீமன் குழுவினர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணவர் தாமே முனைந்து கற்ற வகுப்புகளில் ஏறத்தாழ 22 பேரும் தோல்வியுற்றனர் என்பது அவர்கள் கண்டது. 2019இல் ஹார்வர்டிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. முனைந்து கற்ற மாணவர் சோதனையில் மிகுதியான மதிப்பெண் பெற்றனர். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக எண்ணினர். சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களோ குறைவாகக் கற்றும், நிறையக் கற்றதாக நம்பினர்.

அப்படியானால் ஆசிரியர் எதை நாடுவது? கைதட்டலையா, கற்றலையா? விரிவுரையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நல்ல சொற்பொழிவு அறிவுப் பசியைத் தூண்டும். ஆயினும் பசியைத் தூண்டுவது வேறு, உண்பது வேறு. மாணவரின் நன்மைக்காகத் தம் நாவன்மையைச் சற்றே அடக்கி, வகுப்பின் இரைச்சலையும் மாணவரின் முணுமுணுப்பையும் ஏற்பது ஒருவகைத் துறவு.

இத்துறவு தனியொருவரால் நிலைப்பது கடினம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962லேயே ஆசிரியரின் கற்பித்தலை மேம்படுத்த ஒரு மையத்தை நிறுவியது. தம் வகுப்பறைக் கதவைத் திறந்து, உடன் பணியாற்றுபவரை உள்ளே அமர்த்தி, எங்கே மாணவர் கவனம் சிதறியது என்று கேட்க எத்தனை பேர் துணிவோம்? கல்வி ஆலோசகருக்கும் இது பொருந்தும். முன்னே அமர்ந்திருக்கும் மாணவர் எதை அஞ்சுகிறார், எதை விரும்புகிறார் என்று கேளாமல் வழங்கும் அறிவுரையும் ஒரு விரிவுரையே. தாமே தம் வழியைக் காணும்படி வினவத் தெரிந்தவரே நல்ல ஆலோசகர்.

நாம் சொன்னது புரியாவிடினும் வீட்டில் விளக்குவோரும் தனிப்பயிற்சிக்குப் பணமும் உடைய மாணவர் எப்படியோ கரையேறிவிடுவார். அவையிரண்டும் இல்லாத மாணவருக்கு நம் வகுப்பறையே ஒரே துறை. அங்கே ஓடத்தைத் தவறவிட்டால் அவருக்கு மறு ஓடம் இல்லை. ஆகவே, சொல்லியாயிற்று என்று ஏட்டை மூடுமுன், கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவரிடம் ஒரு வினாவேனும் கேட்போம். அவருடைய விடை நம் பெருமையைக் குலைக்கக்கூடும். அன்றுதான் நம்முடைய கல்வியும் தொடங்கும்.