தேன் எடுப்பது பாவமா?

பழனி முருகனின் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, நெய், பேரீச்சையோடு தேனும் சேர்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம் அது. அதே கொங்கு மண்ணில், விஜயமங்கலத்திலும் சீனாபுரத்திலும் வேரூன்றியிருந்த சமணமோ தேனைத் தொடவே கூடாது என்றது. சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு வகுத்த எட்டு அடிப்படை ஒழுக்கங்களில் மது, புலால் வரிசையில் தேனையும் விலக்கினார். ஒருவருக்கு அபிஷேகப் பொருள், இன்னொருவருக்குக் கொலையின் பயன். யார் சொல்வது சரி?

சமணர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று தேன் எடுப்பது என்றால் புகை போட்டு ஈக்களை விரட்டி, அடையைப் புழுவோடு பிழிவதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார், இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு மரப்பெட்டியை உருவாக்கினார். கீழறையில் புழு வளரும். மேலறையில் தேன் சேரும். மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துக் கருவியில் சுழற்றினால் போதும். புழு சாகாது, அடையும் உடையாது.

கொலை நீங்கியது. ஆனால் பசி?

பூ இல்லாத நாட்களுக்கென்று ஈக்கள் சேர்த்து வைத்த உணவுதான் தேன். அதை எடுத்துக்கொண்டவர்கள் பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். பாகில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் புழு வளராது. எடுத்ததற்கு ஈடு செய்ய வேண்டுமானால் பூவாகத்தான் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பூக்களுக்குக் கொங்கில் இடம் இருந்தது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கான மேய்ச்சல் காடு ஈக்கும் மேய்ச்சல் காடாக இருந்தது. உயிர்வேலிக்குப் பதிலாக வந்த கம்பிவேலி பூப்பதில்லை. களைக்கொல்லி அடித்த வரப்பில் தும்பையும் மிஞ்சுவதில்லை. போகியன்று காப்புக் கட்டத் தேவையான ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் கோவைக்காரர்கள் இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஒரு தும்பைப் பூவை அருகில் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். வெள்ளைக் கீழிதழ் ஈ வந்து இறங்கும் திண்ணை. மேலிதழ் சிறு கவிகை. மகரந்தம் அதனடியில் ஒளிந்திருக்கும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் ஈயின் மேல் அது ஒட்டிக்கொள்ளும். சிவனுக்கு உகந்ததென்று பக்தர்கள் பறித்துச் சாத்தும் பூவும் இதுதான். மலருக்குள்ளும் இறைவனே இருக்கக் கண்டு, அதைப் பறிக்க மனம் வரவில்லை என்று பாடினார் தாயுமானவர். அவர் வழியில் நின்றால், செடியிலேயே விட்ட பூவும் அர்ச்சனைதான். அதை ஏற்க வருவது ஈ.

அந்த அர்ச்சனைக்குப் பெரிய செலவில்லை. தும்பையின் காய்ந்த கொத்துகளை உதறி, விதையைப் புரட்டாசிக் கடைசியில் வரப்பில் தூவினால் ஐப்பசி மழைக்கு முளைத்துவிடும். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கிளுவைக்குப் போத்து வெட்டி நட்டாலே போதும். பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றி வாங்கும் ஒவ்வொருவரும் இந்தக் கடனில் பங்குள்ளவர்கள். நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் புரட்டாசியில் வரப்போரம் மூன்றடியைக் களைக்கொல்லி படாமல் விட்டுவைக்கட்டும்.