வில்லங்கச் சான்றில் ஏறாத கடன்

பழைய ஆலை ஒன்று நின்ற நிலத்தில் எழுந்த அடுக்குமாடியில், அல்லது அவ்வாலைக் கட்டடத்தையே திருத்தியமைத்த குடியிருப்பில், ஒருவர் வீடு வாங்குகிறார். அச்செயலில் ஆராயத்தக்க அறவினா ஏதேனும் உண்டோ? விலை உண்டு, வட்டி உண்டு, வரி உண்டு. அறம் இங்கே எங்கிருந்து வந்தது என்று கேட்பார் பலர். வாங்குவோர் எவரையும் ஏமாற்றவில்லை. விற்போர் சட்டப்படி உரிமையுள்ளவர். சார்பதிவாளர் முன்னிலையில் கையொப்பம் இடப்படுகிறது. இத்தனைக்குப் பின்னும் உள்ளத்தில் ஒரு முள் உறுத்துமாயின், அது வெறும் மனமயக்கமா, அன்றி மதிக்கத்தக்க உணர்வா என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் என்று இங்கே குறிப்பது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரையே. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் ஒருவருக்கு, 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, வீடு கட்டவோ வாங்கவோ 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 இலட்ச ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது முன்பணமாகக் கிடைக்கும். பெங்களூரின் நடுப்பகுதியில் அத்தொகைக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்நகரத்து அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. எஞ்சியதற்கு வங்கியும், மனைவியின் நகையும், ஊரில் உள்ள கால் காணி நிலமும் துணை வரவேண்டும். இவ்வாறு திரட்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போகிறவர், மெட்ரோ நிலையம் எத்தனை தொலைவு, காவிரி நீர் நாள்தோறும் வருமா என்றுதான் கேட்பார். அந்நிலத்தில் முன்பு யார் உழைத்தார் என்று கேளார். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், ஐம்பது ஆண்டுக்கு முன் அந்நிலத்தை யார் யாருக்கு அடமானம் வைத்தார் என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்து அவர் அறிந்துகொள்கிறார். அது பொறுப்பு எனப்படுகிறது; மற்றதை அறிய முயல்வது பொழுதுபோக்கு எனப்படுகிறது. இவ்வேறுபாடு நம்மைச் சற்றே சிந்திக்க வைக்கிறது.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் உண்மையில் எதனை வாங்குகின்றனர்? சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியையும், நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பங்கையும் வாங்குகின்றனர். கருநாடக அடுக்குமனை உரிமைச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. பொதுவிடங்களில் ஒவ்வொருவர்க்கும் உள்ள பங்கு அவரவர் மனையினின்றும் பிரிக்க ஒண்ணாதது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. பத்திரத்தில் சதுர அடிக்கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் இந்த மண் என்னுடையது என்று விரலால் சுட்டிக்காட்ட எவராலும் இயலாது. படிக்கட்டின் அடியிலும், காவலாளி நாற்காலியின் அடியிலும், குப்பைத் தொட்டியின் அடியிலும் அவரது பங்கு இருக்கிறது; எல்லாருடைய பங்கும் இருக்கிறது. வேதாந்திகள் நெடுநாள் விளக்க முயன்ற ஒன்றைப் பத்திரம் எழுதுவோர் எளிதாகச் சொல்லிவிட்டனர் போலும்.

பத்திரத்துக்கு முன் நாம் கேட்டுப் பெறுவது வில்லங்கச் சான்றிதழ். வில்லங்கம் என்னும் தமிழ்ச்சொல் தொல்லையையும் சிக்கலையும் நினைவூட்டுவது. பெங்களூரின் பதிவு அலுவலகங்களில் அதனைக் கன்னடத்தில் ருணபாரப் பிரமாணபத்திரம் என்பர். ருணபாரம் என்றால் கடன்சுமை. கன்னட நண்பர்கள் அன்னத்தின் ருணம், மண்ணின் ருணம் என்று பேசக் கேட்டிருக்கிறோம். உண்ட சோற்றுக்கும் வாழ்ந்த மண்ணுக்கும் மனிதன் கடன்பட்டவன் என்பது அவர்தம் வழக்கு. நம் தமிழிலும் கடன் என்பது வாங்கிய பணத்தை மட்டும் குறிப்பதன்று. செய்யவேண்டிய கடமையையும் அச்சொல்லே குறிக்கும். ஆக, நிலத்தின் மீது கடன் உளதோ என்று இரண்டு மொழியிலும் நாம் கேட்கிறோம். இல்லை என்று முத்திரையிட்ட தாள் ஒன்று வருகிறது. அத்தாள் பொய் சொல்வதன்று. பதிவேட்டில் ஏறிய கடனை மட்டுமே அது சொல்லும்.

ஏறாத கடன் எத்தகையது? பெங்களூரின் ஆலைகளை எண்ணிப் பார்ப்போம். பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை 1884இல் தோன்றி, பின்னர்ப் பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்து, பின்னி ஆலை என்றே பெயர்பெற்றது. சிப்பாய்களின் காக்கித் துணியும் கம்பளியும் இங்கே நெய்யப்பட்டன. ஆலைக்குள் சென்ற கைகளில் கன்னடர் கைகளும் தெலுங்கர் கைகளும் இருந்தன. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர் கைகளும் மிகுதியாக இருந்தன. ஸ்ரீராமபுரத்திலும் ஒகளிபுரத்திலும் மாகடி சாலைச் சந்துகளிலும் இன்றும் ஒலிக்கும் தமிழில் பெரும்பகுதி, ஆலைச் சங்கின் அழைப்புக்கு வந்தவர்கள் கொண்டுவந்த தமிழாகும். முதற் சங்குக்கு எழுந்து, இரண்டாம் சங்குக்குள் வாயிலைக் கடந்தாக வேண்டும் என்பது அன்றைய வாழ்வின் காலக்கணக்கு. பஞ்சுத் தூசு மூச்சில் படிய, தறியின் ஓசையில் காது மந்தமாக, மூன்று முறை மாற்றி மாற்றி வேலை செய்து அவர்கள் குடும்பம் வளர்த்தனர்.

இன்று பின்னி ஆலையின் நிலத்தில் அடுக்குமாடிகளும் வணிக வளாகமும் நிற்கின்றன. பின்னிப்பேட்டை என்னும் பெயராவது நிலைத்தது. மல்லேசுவரத்து ராஜா மில் நின்ற இடத்தில் 2010இல் பெரியதொரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. அதன் அருகே 2014இல் திறந்த மெட்ரோ நிலையம் அவ்வளாகத்தின் பெயரையும், சண்பக மரங்களால் பெயர்பெற்ற சம்பிகே சாலையின் பெயரையும் சேர்த்துத் தாங்குகிறது. கடைக்கு இடம் உண்டு, மரத்துக்கும் இடம் உண்டு, ஆலைக்கு இல்லை. மினர்வா ஆலையின் கதை இன்னும் வியப்பானது. 1971இல் அரசு அதன் நிருவாகத்தை ஏற்றது. 1974இல் அது நாட்டுடைமையாயிற்று. அதனையொட்டி எழுந்த வழக்கில் 1980 சூலை 31 அன்று உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் பயிலும் மாணவர் எவரும் மினர்வா ஆலையின் பெயரை அறிவர். அங்கே நூல் நூற்றவர் ஒருவரது பெயரையேனும் அறிந்தார் உளரோ?

இவ்விடத்தில் ஒரு வலிய தடை எழும். அதனை மறைப்பது நேர்மையாகாது. எந்த நிலம்தான் பிறர் நிலமாய் இருந்ததன்று? கெம்பே கௌடர் 1537இல் கோட்டை எழுப்பிய நாள்தொட்டு இந்நகரம் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டே வளர்ந்தது. தர்மாம்புதி ஏரி நிறைந்திருந்த பள்ளத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கம் ஆயிற்று. ஆலை எழுவதற்கு முன் அங்கே யாரோ கேழ்வரகு விதைத்திருப்பர். அவர்க்கெல்லாம் கடன்பட்டோம் என்று எண்ணினால் எவரும் எங்கும் கால் ஊன்ற இயலாது. அடிச்சுவட்டுக்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

இத்தடைக்கு நம் விடை, எல்லாக் கடனும் ஒரு தன்மையன அல்ல என்பது. கேழ்வரகு விதைத்தவர் மறைந்தார். அவர் வழிவந்தோர் யாரென நாம் அறியோம். ஆலையில் உழைத்தோர் அவ்வாறு அல்லர். அவருள் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் அதே பேட்டைகளில் வாழ்கின்றனர். கடன் கொடுத்தோன் கண்முன் நிற்கும்போது, காலம் கடந்துவிட்டது என்று சொல்ல நமக்கு நா எழுமா? வழக்குமன்றத்தில் அவ்வாறு சொல்ல இடமுண்டு. மனமன்றத்தில் இல்லை.

பழைய கட்டடத்தை இடியாமல் காத்துவிட்டால் இக்கடன் தீர்ந்துவிடும் என்று எண்ணுவாரும் உளர். நியூயார்க்கின் சோஹோ பகுதியைப் பார்க்கலாம். அங்கே இரும்புத் தூண் முகப்புடைய பல மாடிக் கட்டடங்களில் துணி, தொப்பி, அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழிலகங்கள் இருந்தன. அவை நலிந்தபின், வாடகை குறைவு என்று ஓவியர்கள் சட்டத்துக்குப் புறம்பாக அங்கே குடியேறினர். 1971இல் நகராட்சி அவர்கள் குடியிருக்க இசைவளித்தது. 1973இல் அப்பகுதி வரலாற்றுச் சிறப்புடையதாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய மாடிகளில் குடியிருந்தோரைக் காக்க 1982இல் தனிச்சட்டமே வந்தது. ஆயினும் நடந்தது என்ன? தொழிலாளர் இருந்த இடத்தில் ஓவியர் வந்தனர். ஓவியர் இருந்த இடத்தில் செல்வர் வந்தனர். தூண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவ்வகை வீட்டை லாஃப்ட் என்பர். நம் வீடுகளில் பரண் என்று சொல்வதற்கும் இன்று இதே சொல் வழங்குகிறது. நாமோ பரணில் வேண்டாத பித்தளைப் பாத்திரங்களைத்தான் போடுவோம். சொல்லின் போக்கு வேடிக்கையானது. அத்தகைய வீட்டில் பூச்சில்லாத செங்கற் சுவருக்கும், வண்ணம் பூசாத இரும்பு உத்தரத்துக்கும் தனி மதிப்பு உண்டு. அச்சுவரை எதிரே வைத்துக்கொண்டு நாள்முழுதும் உழைத்தவனுக்கு ஒரு வாய்ப்பு அளித்திருந்தால், முதலில் அதற்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருப்பான். ஒருவனுடைய வறுமை மற்றொருவனுக்கு அழகாகத் தோன்றுவதை நாம் பாவம் என்று சொல்லத் துணியோம். ஆனால் அதனை வரலாற்றுப் பற்று என்று பாராட்டவும் நமக்கு மனம் வரவில்லை.

கட்டடங்களுள்ளும் காக்கப்படும் பேறு எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. பெங்களூரின் அட்டாரா கச்சேரி 1868இல் நிறைவுற்றது. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதும், 1873இல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் என்பதும் நம்மவர் பெருமையோடு நினைப்பன. 1980களில் அச்சிவப்புக் கட்டடத்தை இடிக்கும் எண்ணம் எழுந்தபோது மக்கள் எதிர்த்தனர், கட்டடம் தப்பியது. நீதிமன்றத்துக்கு வாதாட ஆள் இருந்தனர். ஆலையின் புகைபோக்கிக்கு யார் வாதாடுவர்?

பம்பாயில் கட்டடமும் போயிற்று, ஆளும் போனார். 1982 சனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; பெரும்பாலோர் திரும்பிச் செல்ல ஆலைகளே இல்லாது போயின. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் ஒரு பங்கு எளியோர் குடியிருப்புக்கும் என்று 1991இல் விதி வகுத்தனர். 2001இல் அவ்விதி திருத்தப்பட்டுப் பொதுப்பங்கு மிகச் சுருங்கியது; 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. எனினும், முன்னாள் தொழிலாளர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் 2012இல் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. போதாது என்றே சொல்வோம். ஆனால் கடன் உண்டு என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அங்கே நிகழ்ந்தது. பெங்களூரில் அத்தகைய பேச்சே பெரிதாக எழவில்லை.

சென்னைப் பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும் 1996இல் மூடப்பட்டது; அந்நிலத்திலும் இன்று உயர்ந்த குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆனால் அங்கே உழைத்தோர்க்கு ஒரு நற்பேறு இருந்தது. 1918இல் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு.வி.க. உடனிருந்தார், அந்நாளைய போராட்டங்களைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்தார். பெங்களூர்த் தொழிலாளர்க்குத் தமிழில் ஒரு திரு.வி.க. வாய்க்கவில்லை. ஜானகி நாயர் என்னும் வரலாற்றறிஞர் மைசூர் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று உண்டு. எழுபது ஆண்டுக்கு மேலாக இந்நகரில் தமிழ் வளர்க்கும் நாம், புலவர்களுக்கு விழா எடுத்த அளவில் ஒரு சிறு பங்கையேனும் இம்மனிதர்களின் கதையைக் கேட்டெழுதச் செலவிட்டிருக்கலாம்.

ஆதலின் ஆலை நிலத்தில் வீடு வாங்குவது குற்றமா? அன்று என்பதே நம் துணிபு. ஆலையை மூடியவர் வாங்குவோர் அல்லர்; அவர் வாங்காதிருந்தால் ஆலை மீண்டும் சுழலப் போவதுமில்லை. குற்றம் வேறு, கடன் வேறு. தந்தை பட்ட கடனை மகன் தீர்க்கிறான். அதனால் அவன் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பிரிக்கப்படாத பங்கை ஏற்றவர், அம்மண்ணின் மேல் நடந்தவற்றிலும் பிரிக்கப்படாத பங்கு ஒன்றை ஏற்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

அதனை எவ்வாறு தீர்ப்பது என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டா. குடியிருப்போர் சங்கத்தின் மாதக்கூட்டத்துக்குப் போனாலே போதும். காலை ஆறு மணிக்கு வாயிலில் கையெழுத்திட்டு, பை திறந்து காட்டி, உள்ளே வரும் பெண்களுள் பலர் பக்கத்துப் பேட்டைகளிலிருந்து வருவோர். அவருள் யாரேனும் ஒருவரின் பாட்டனார் அதே வாயிலில், வேலை முடிந்து செல்கையில், ஆலைக் காவலர் முன் கை தூக்கி நின்று சோதனைக்கு உட்பட்டவராகவும் இருக்கலாம். பல குடியிருப்புகளில் இவர்களுக்கென்று தனி மின்தூக்கி. அது பழுதானால் படிக்கட்டு. பத்தாவது மாடியில் ஐந்து வீட்டில் வேலை செய்பவர் கால் கழுவவும் ஒதுங்கவும் தரைத்தளத்துக்கு இறங்கி வரவேண்டும்; சில இடங்களில் அங்கும் வசதி இல்லை. நீச்சற்குளத்தின் ஓடுகளை மாற்றும் தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறும். பணிப்பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் உட்காரப் பெஞ்சும் என்று யாரேனும் எழுந்து சொன்னால், பராமரிப்புக் கட்டணம் உயருமே என்று கணக்குப் பேச்சு எழும். சதுர அடிக்கு எத்தனை பைசா கூடும் என்பதை எழுத்தர் ஒருவர் அங்கேயே தாளில் போட்டுக் காட்டிவிடலாம். பெரும்பாலும் அது மாதம் ஒரு காப்பிச் செலவுக்கு மேல் வராது. அக்கணக்கை எழுந்து படிக்கும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்பதுதான் வினா.