தபால் இனி அடுத்த ஊருக்கு

1901ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 76,945 தபால் நிலையங்கள் இருந்தன. அதற்கு முன்னும் அத்தனை இருந்ததில்லை, பின்னும் இல்லை. கிராமங்களில் பலவும் மளிகைக் கடையின் ஒரு மூலைதான். கடைக்காரரே போஸ்ட் மாஸ்டர். சிறிய அலுவலகம் என்றால் அவருக்குச் சம்பளம் கிடையாது. முத்திரை குத்திய தபால்தலைகளின் மதிப்பை வைத்துத்தான் வரும்படி. நகராட்சியோ எல்லைக்கல்லோ இல்லாத இடங்களுக்கு, தபால் நிலையம் கேட்டு வாஷிங்டனுக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் உறுதியான ஒரு பெயரே அமைந்தது.

1896இல் கிராமப்புறங்களில் வீடு தேடித் தபால் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விவசாயிகள் போராடிக் கேட்டு வாங்கியது அது. வீட்டு வாசலுக்கே கடிதம் வந்துவிட்டால் கடைக்கு எதற்குப் போக வேண்டும்? ஆயிரக்கணக்கான சிறு அலுவலகங்கள் மூடப்பட்டன. பல இடங்களில் ஊரின் பெயரும் கூடவே போயிற்று. இதில் வில்லன் என்று யாரும் இல்லை.

பழைய கணினி அமைப்புகளிலிருந்து புதியவற்றுக்குத் தகவல்களை மாற்றித் தருவது என் தொழில். தேசிய ஆவணக் காப்பகத்தின் போஸ்ட் மாஸ்டர் நியமனப் பதிவேடுகளை விடுமுறை நாட்களில் புரட்டுவது பழக்கமாகிவிட்டது. மூடிய அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேதியும், இனி தபால் எந்த ஊருக்குப் போகும் என்ற குறிப்பும் இருக்கும். அவ்வளவுதான் இரங்கற்குறிப்பு.

“செத்துப்போன ஊருக்கு நீ என்னப்பா கடன்பட்டிருக்கிறாய்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊருக்கு வலிக்காது. அங்கிருந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லா மறதியும் அநீதி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சில மறதிகளால் நமக்கு ஆதாயம் இருக்கிறது.

நான் வசிக்கும் மாசசூசெட்ஸில், பாஸ்டனின் குடிநீருக்காக ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கையே காலி செய்தார்கள். டேனா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களும் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமல் போயின. முந்தைய இரவு என்ஃபீல்டின் தீயணைப்புப் படையினர் நகர மன்றத்தில் பிரிவு நடனம் நடத்தினார்கள். நள்ளிரவில் ஊர் முடிந்தது. வெளியேறியவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைக்கப்பட்டவர்கள் 7,500க்கும் மேல். நீர் நிரம்பும் முன்பே வீடுகளை இடித்து, மரங்களை வெட்டி, தரையை மழித்துவிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடி நந்தியாவது தலை காட்டும். க்வாபின் நீர்த்தேக்கத்தில் அப்படி எழுந்து வர எதுவும் இல்லை. மேட்டில் இருந்ததால் மூழ்காத டேனாவின் மையத் திடலுக்கு மட்டும் இன்றும் நடந்து போகலாம். கல் பாவிய நிலவறைக் குழிகள், நடுவே புல். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

லட்சக்கணக்கானோரின் தாகத்துக்கு 2,500 பேரின் ஊர் என்ற கணக்கைத் தவறென்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நானும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறேன். ஆனால், கணக்கு சரியாகவே இருந்தாலும் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட நமக்கு உரிமை உண்டா? ‘மூடப்பட்டது’ என்பது வேறு, ‘இருந்ததே இல்லை’ என்பது வேறு. எங்கள் தொழிலில் இவை இரண்டையும் ஒரே காலிக் கட்டமாகச் சேமித்தால் வேலை போய்விடும். குடிப்பவன் குறைந்தபட்சம் அந்த வித்தியாசத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்பதே நண்பருக்கு என் பதில்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு போனால் பதிவேடு தொடங்கிய இடத்தில் நின்றுவிடுவோம். அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளையர் குடியேறும் முன்பே நிப்மக் மக்கள் வாழ்ந்தார்கள். க்வாபின் என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். அவர்கள் யாரும் வாஷிங்டனுக்கு விண்ணப்பம் போட்டதில்லை. எனவே அவர்களின் இருப்பிடங்களுக்கு மூடிய தேதியும் கிடையாது, தபால் அடுத்து எங்கே போகும் என்ற குறிப்பும் கிடையாது. 1938இல் அழுதுகொண்டே வெளியேறியவர்களின் முன்னோர், முந்தைய வெளியேற்றத்தின் ஆதாயத்தில் வாழ்ந்தவர்கள். இதைச் சொன்னால் 1938இன் துயரம் குறைந்துவிடாது.

ஆகவே என் அட்டவணையில் ‘தபால் நிலையம் திறந்த ஆண்டு’, ‘மூடிய ஆண்டு’ என்று இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன். ‘ஊர் தொடங்கிய ஆண்டு’ என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதில் எதையும் நிரப்புவதில்லை.