கருவுற்றவளின் கடமையும் ஊரின் கடமையும்

கர்ப்பிணி மது அருந்துவது பாவமென்றும், எச்.ஐ.வி. கிருமியைச் சுமப்பவள் பிள்ளை பெறுவது அதனினும் பெரும் பாவமென்றும் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது; அத்தீர்ப்பினால் பிறக்கப்போகும் சிசுவுக்கு என்ன நன்மை விளைகிறது என்று ஆராய்வதே அறநெறிக்கு உகந்தது.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையைத் தாக்குகிறது. தீங்கில்லாத அளவு இன்னதென்று மருத்துவம் எதையும் வகுக்கவில்லை. எச்.ஐ.வி.யோ கருவறையிலும், பிரசவத்திலும், தாய்ப்பாலிலும் பரவக்கூடியது. சிகிச்சையில்லாவிடில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள் வரை அதற்கு ஆளாகக்கூடும். முறையான சிகிச்சையோ அதனை ஐந்துக்கும் கீழாகக் குறைக்கிறது. 2014 முதல் நம் நாட்டில் இக்கிருமியுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆயுள் முழுவதற்கும் கூட்டு மருந்து அளிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. குடிப்பழக்கம் மருந்துண்ணும் ஒழுங்கைக் குலைக்குமாயின், ஒரு சிசு இரண்டு கேடுகளுக்கும் ஒருங்கே இலக்காகிறது.

வாயற்ற அந்த ஜீவனுக்காகத் தாயை நிர்ப்பந்தித்தால்தான் என்ன என்று கேட்பவர்களின் பரிவு உண்மையானதே. எனினும், சிசுவை மருந்து சென்றடையும் வழி தாயேயாதலால், தண்டனைக்கும் அவமானத்துக்கும் அஞ்சி அவள் ஒளிந்துகொண்டால் அவ்வழி அடைபட்டுப்போகும். சம்மதமின்றிப் பரிசோதனையோ கருக்கலைப்போ கூடாதென்று எச்.ஐ.வி. குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பது, தாயிடம் காட்டும் சலுகை மட்டுமன்று. சேயைக் காக்கும் விவேகமுமாகும்.

குற்றத்தின் பங்கையும் நேர்மையாக அளந்து பார்க்கவேண்டும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், எல்லையை ஒட்டியுள்ள கண்டமங்கலம் போன்ற ஊர்களுக்குப் புதுச்சேரியின் மலிவான மது கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவருபவன் பெரும்பாலும் ஆடவனே. நம் நாட்டில் மணமான பெண்களுள் பலருக்கு எச்.ஐ.வி. வந்ததும் கணவன் வழியாகவே. அவனைக் கேளாது அவளை மட்டும் கேட்பது நீதியாகாது.

ஆகவே, மதுவைத் தொடாதிருப்பதும், வேளை தவறாது மருந்துண்பதும் தாயின் கடமை. தானும் குடியை விட்டு, அவளுடன் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்துக்குச் சென்று பரிசோதித்துக்கொள்வது கணவனின் கடமை. அறிந்த இரகசியத்தைத் தெருவில் பேசாதிருப்பது ஊரின் கடமை. பின்னிரண்டையும் செய்யாதவர்களுக்கு, முன்னதைச் செய்யத் தவறியவளைப் பழிக்கும் உரிமை இல்லை.