பைரவர் கையில் ஒட்டிய கபாலம்



தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் அதியமான்கோட்டை கால பைரவர் சந்நிதியில் நிற்க இடம் கிடைக்காது. சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நேரம் சரியில்லைங்க சாமி. கிரகம் படுத்துது. பைரவர்தான் பார்த்து மாத்தி விடணும்."

கேட்பதில் தவறில்லை. 12 ராசிகளும் 27 நட்சத்திரங்களும் இவர் திருமேனிக்குள் அடக்கம் என்று இந்தத் தலத்தில் சொல்லி வருகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது என்றால் திருடியவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? தானம் செய்தவனைப் புகழ்வதுதான் எதற்கு? இதற்கு விடை கருவறையில் நிற்பவரின் கதையிலேயே கிடைக்கிறது.

பிரமனுக்கு ஒரு காலத்தில் ஐந்து தலைகள். ஐந்தாவது தலை ஆணவம் பேசியது. சிவபெருமான் ஆணையிட, பைரவர் அந்தத் தலையைக் கொய்தார். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள திருக்கண்டியூர், அட்ட வீரட்டத் தலங்களில் இந்த நிகழ்ச்சிக்கு உரியது. பிரமன் யார்? நம் தலையில் எழுதுகிறவன். எழுதுகிறவன் தலையையே கொய்தவர் நம் பைரவர். அவரிடம் போய், 'என் தலையெழுத்தை மாற்று' என்று கேட்கிறோமே, அந்த நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

கதை அத்தோடு முடியவில்லை. கொய்த தலை கையை விட்டு விழ மறுத்தது. கபாலம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பிரமஹத்தி தோஷம் பின்னாலேயே துரத்தியது. அந்தக் கபாலத்தையே ஓடாக ஏந்திப் பிச்சை எடுத்து, ஊர் ஊராக அலைந்தார் பைரவர். காசிக்குள் கால் வைத்த பிறகுதான் அது கையை விட்டு விழுந்தது. அந்த இடத்துக்குக் கபாலமோசன தீர்த்தம் என்று பெயர்.

செய்தவர் தெய்வம். செய்யச் சொன்னவர் பரமசிவன். செய்த காரியமோ ஆணவத்தை அழித்தது. இருந்தும், "எனக்கு உத்தரவு வந்தது, செய்தேன், பொறுப்பு என்னுடையதல்ல" என்று பைரவர் சொல்லவில்லை. விதியை எழுதுகிறவனை வெட்ட முடிந்த கையால், தான் செய்த செயலின் விளைவை உதற முடியவில்லை. அவருக்கே அப்படி என்றால், "விதி செய்ய வைத்தது" என்று நீங்களும் நானும் தப்பித்துக்கொள்ள வழி ஏது? காசியில் இறந்தால் முத்தி என்கிறார்கள். அங்கேயும் பைரவர் வினையைத் தள்ளுபடி செய்வதில்லை. உயிர் பிரியும் நேரத்தில் அத்தனையையும் ஒரு நொடியில் அனுபவிக்க வைத்துத்தான் அனுப்புகிறார். அதற்குப் பைரவி யாதனை என்று பெயர்.

நம் சைவ சித்தாந்தப் பெரியவர்கள் வினையை மூன்றாகப் பிரித்தார்கள்: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். கேழ்வரகு விளையும் ஊர் இது. அதைக் கொண்டே சொல்கிறேன். குதிரில் கிடக்கிற பழைய கேழ்வரகு சஞ்சிதம். அதிலிருந்து அள்ளி அரைத்து, இன்றைக்கு வட்டிலில் களியாக இருப்பது பிராரத்தம். அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும். இன்று நிலத்தில் எதை விதைக்கிறோமோ அது ஆகாமியம். வட்டிலில் இருப்பதை மாற்ற முடியாது. விதைப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அறத்துப்பாலை 'ஊழ்' என்ற 38-ஆம் அதிகாரத்தோடு முடித்து, ஊழைப் போல வலியது எதுவுமில்லை என்கிறார் வள்ளுவர். அவரே 62-ஆம் அதிகாரத்தில், சோர்வில்லாமல் முயல்கிறவன் அந்த ஊழையும் புறங்காட்டி ஓட வைப்பான் என்கிறார். முன்னது வட்டிலைப் பற்றிய பேச்சு, பின்னது விதையைப் பற்றிய பேச்சு. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுமலையின் பிளவில், ஏற முடியாத இடத்தில் பழுத்த நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. உண்டவருக்கு நீண்ட ஆயுள். கனி கைக்கு வந்ததை விதி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதன் அருமையை வாய் திறந்து சொல்லாமல் அவன் ஔவையிடம் நீட்டினானே, அது விதியா? தானே தின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது அவனுடைய முடிவு. அதனால்தான் இன்றைக்கும் அவனைப் பேசுகிறோம்.

அதே அதியமானுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலையமான் திருமுடிக்காரியின் திருக்கோவலூரை அவன் போரிட்டு வென்றான். நாடிழந்த காரி, சேரனிடம் போனான். பின்னாளில் பெருஞ்சேரல் இரும்பொறையின் படை அதியமானின் தகடூரை முற்றுகையிட்டது. அதியமான் அந்தப் போரில் வீழ்ந்தான். சங்கப் பாடல்களை இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள், கோவலூர்ப் போர் வளர்ந்து வந்துதான் தகடூரைச் சூழ்ந்தது என்பார்கள். கோட்டை வாசலில் விதியாக வந்து நின்றது, முன்னொரு நாள் அவனே விதைத்தது.

அந்தத் திருக்கோவலூருக்குப் பக்கத்திலேயே ஜம்பை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குகையில் 1981-இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாளியை, அதாவது குகை இருப்பிடத்தை, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்தான் என்று அது சொல்கிறது. ஒரே மனிதன், ஏறக்குறைய ஒரே இடம். ஒரு கை அழித்தது, ஒரு கை கொடுத்தது. இரண்டும் அவன் கணக்கில்தான் இருக்கின்றன.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல் கறுத்து, எலும்பு வளைந்து, முதுகு நிமிர முடியாமல் போனவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை பேர்! யார் செய்த பாவம் அது? பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்த ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் உடம்பு தாங்காது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. பாறையின் குணம் நம் கையில் இல்லை. நல்ல தண்ணீர் கொண்டுவருவது மனிதர் எடுத்த முடிவு.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வினைக் கொள்கை, நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்குத் தரப்பட்டது. துன்பப்படுகிறவனைப் பார்த்து, "அது உன் கர்மா" என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு அல்ல. அவனுடைய துன்பம் அவனுக்குப் பிராரத்தமாகவே இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகு நாம் உதவினோமா, ஒதுங்கினோமா என்பது நமக்கு ஆகாமியம்.

அடுத்தது சொல்லக் கசக்கும். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, நம் மாவட்டத்துக்கும் வந்தது. பெண் பிறந்தால் அதைச் சுமையாக நினைத்த வீடுகள் இருந்ததால்தானே ஓர் அரசாங்கம் தொட்டில் வைக்க நேர்ந்தது? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடை செய்து 1994-இல் சட்டம் வந்தது. பெண் பிறப்பது இறைவன் விருப்பம். அவளை வேண்டாம் என்பது யாருடைய விருப்பம்? அதைக் கிரகத்தின் மேல் போடக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, "நல்ல இடம் வந்தது, அவள் தலையெழுத்து" என்று தாலி கட்ட வைப்பதும் அதே கதைதான். அந்த எழுத்தை எழுதியவன் பிரமன் அல்ல. தகப்பன், தாய், பார்த்துக்கொண்டிருந்த ஊர்.

ஆகவே அடியார்களே, கிரகம் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று பைரவரிடம் தாராளமாகக் கேளுங்கள். கூடவே, "என் கையால் ஆகிற காரியத்தில் நான் தவறாமல் இருக்க அறிவு கொடு" என்றும் கேளுங்கள். முதல் வேண்டுதலுக்கு எப்போது பலன் வரும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, வீட்டுக்குப் போன உடனே பலிக்கும். உங்கள் தெருவில் 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 1098 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பிள்ளையின் விதி அன்றைக்கு உங்கள் வழியாக மாறட்டும்.